புரட்டாதிச் சனியில் ஒரு பியர்ப் பயணம்

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: "அக்டோபர், இரண்டாம் சனி. பம்பேர்க். 11.15 முதல் பியர் விடுதி. 12.30 வாட்டிய பன்றி இறைச்சி. 14.00 இரண்டாம் விடுதி."

நானும் மனைவி ரஞ்சியும் பல மாதங்களாக வீட்டில் அதிகம் பேசுவதில்லை. ஜெர்மனியில் நாங்கள் வசிக்கும் ஹம் நகரை விட்டு இரண்டு நாள் பம்பேர்க் நகருக்குப் போனால் பேச்சு வரும் என்று நம்பினேன். சொந்தமாகப் பியர் காய்ச்சும் சிறு விடுதிகளை ஒரு மாதமாகத் தேடித் திட்டம் போட்டேன். அவளுக்கும் பியர் பிடிக்கும்.

முதல் விடுதியின் முற்றத்தில் இருந்தோம். பியரும் இறைச்சியும் மேசைக்கு வந்தன. ரஞ்சி தொடவில்லை. ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, எழும்பிப் போய் மதிலில் வைத்துவிட்டு வந்தாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"காகத்துக்கு. இண்டைக்குப் புரட்டாதிச் சனியெல்லோ. நான் விரதம்."

"முதலே சொல்லியிருக்கலாமே!"

"நிமிசக் கணக்கில எழுதி வைச்சிருந்தியள். அதுக்குள்ள நான் எங்க சொல்லுறது? நீங்கள் குடியுங்கோ."

"ஆருக்காக இந்த விரதம்?"

"வேற ஆருக்கு? உங்கட ஏழரைச் சனிக்குத்தான்."

சனிக்கிழமைகளில் எனக்குத் தொழிற்சாலையில் வேலை. அன்று அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிளாஸில் இருந்ததைக் குடித்து முடித்தேன். ருசி தெரியவில்லை. வெட்கம்கூட வரவில்லை. அவள் வெறும் ரொட்டியை மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த விரதத்தை எந்த வருடம் தொடங்கினாள் என்று திரும்பும் ரயிலில் கேட்டேன்.

"ஞாபகமில்லை."

நான் முதலில் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்ட வருடமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதை இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.