பாக்கலாமுங்க

பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவுக்கு ஞாயிறுதோறும் ஒரு வெள்ளைக் கார் வரும். கோயமுத்தூர் மில் முதலாளிகள் வீட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்திய அறக்கட்டளையின் கார் அது. ஏழைப் பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்து முன்னேற்றுவது அவர்கள் வேலை. தொண்ணூறுகளில் எங்களை முன்னேற்ற ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட், ஒரு போட்டோ, நிறைய அறிவுரை என்று வைத்திருந்தார்கள். போட்டோ எடுத்த பிறகுதான் பிஸ்கட்டைப் பிரிக்கலாம்.

சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் வைத்த டியூஷன் நன்றாகவே நடந்தது. நான் பத்தாவது பாஸானேன். என்னைவிட இரண்டு வயது சின்னவளான தங்கை எனக்கே கணக்குத் திருத்துவாள்.

எனக்குப் பிளஸ் ஒன் சேர ஆசை. அப்பாவுக்கோ, அவரும் அம்மாவும் வேலை பார்த்த தறிக்குடோனிலேயே என்னையும் நூல் சுற்ற விடும் எண்ணம். அவரிடம் பேச அறக்கட்டளையின் செயலாளர் அம்மாவே வந்தார். சென்னையில் பிறந்து வளர்ந்து கோயமுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டவர்.

"பொண்ணை மேல படிக்க அனுப்புவீங்களா?"

அப்பா எழுந்து நின்று, "அதுக்கென்னங்கம்மா, பாக்கலாமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. 'பாக்கலாமுங்க' என்றால் நடக்காது. 'பேசிக்கலாமுங்க' என்றால் இனி அந்தப் பேச்சையே எடுக்காதே. பால்குடி மாறாத பிள்ளைக்கும் இது தெரியும். செயலாளர் அம்மா மட்டும் நோட்டில் 'தந்தை சம்மதம்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டார். கதவோரம் நின்று நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் அவர்களுடைய ஆண்டு விழா. மகளை மேற்படிப்புக்கு அனுப்பும் முற்போக்குத் தந்தை என்று மைக்கில் சொல்லி அப்பாவை மேடைக்கு அழைத்தார்கள். முன்வரிசையில் இருந்த தறிக்குடோன் முதலாளியே கைதட்டினார். அப்பா ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள்.

பொன்னாடையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வீடுவரை நடந்தார்.

"நான் பாக்கலாமுங்கன்னுதான சொன்னேன்?"

"அதத்தான் அவிங்க நம்பிப்போட்டாங்க. இனி இவளத் தறிக்கு உட்டா ஊரு சிரிக்காதுங்களா?" என்றாள் அம்மா.

நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன். அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் அதைப் பெண் விடுதலை என்று போட்டிருந்தார்கள். அப்பாவின் வெட்கம் என்று போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்துத் தங்கையும் பத்தாவது பாஸானாள், என்னைவிட அதிக மார்க்கில். செயலாளர் அம்மா அதே கேள்வியோடு வந்தார். அப்பா இந்த முறையும் எழுந்து நின்றார்.

"வேண்டாமுங்கம்மா. இவ தறிக்கே போகட்டுமுங்க."

எங்கள் தெருவில் ஒருவர் அப்படி நேராக மறுத்து நான் கேட்டதே இல்லை. அறக்கட்டளை அப்பாவுக்கும் கொஞ்சம் பாடம் நடத்தியிருந்தது. செயலாளர் அம்மா வாதாடுவார் என்று நானும் தங்கையும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லீங்க. இந்த ஊர்ல எனக்குப் புரியற மாதிரி பதில் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கார் கிளம்பிப் போனது. தங்கை அழவில்லை, என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுக்கா, நீயாச்சும் ஒரு வார்த்த பேசியிருக்கலாமல்ல?"

பிளஸ் டூ முடித்திருந்தேன். பேச்சுப் போட்டியில் அந்த அறக்கட்டளை கொடுத்த கோப்பை அலமாரியில் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. திங்கட்கிழமை அவள் அம்மாவோடு குடோனுக்குப் போனாள்.