குளிப்பாட்டி அனுப்பினோம்

கொரோனா முடிந்து மில்லெல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்த சமயம். ஐப்பசி மாதம். இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆறாவதோடு நின்றவள். பேண்டேஜ் யூனிட்டில் துணி மடிக்கிறேன். பத்திரிகைக்கு எழுதி அனுப்பும்மா, நாலு பேருக்கு உதவும் என்று மகள் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

எங்க வீட்டுக்காரருக்குத் தறி ரிப்பேர் பார்க்கிற வேலை. சைக்கிளில்தான் போவார். அன்றைக்குத் தளவாய்புரத்தில் ஒரு தறிக்கூடத்தில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் ஒரு வேன் இடித்துவிட்டது. நூல் ஏற்றுகிற வேன். ஓட்டினவன் சின்ன வயசு. எங்களுக்குத் தெரிந்த பையன்தான்.

ரத்தம் வரவில்லை. தானே எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். டீக்கடையில் நின்றவர்கள் போலீசுக்குப் போன் போடப் போனார்களாம். இவர்தான் வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். அந்தப் பையனுடைய பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். அவனே சைக்கிளை வேனில் ஏற்றி, இவரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டான். போனவன் திரும்பி வந்து சாத்துக்குடி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமா?" என்று கேட்டேன்.

"போனா எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாக. பொறவு போலீசு வரும். அவன் பாவம். லேசாத் தலைதான் வலிக்கி. நீ காப்பியப் போடு."

போட்டேன். சாயங்காலம் வாந்தி எடுத்தார். பித்தம் என்று நினைத்தோம். சுக்குத் தட்டிக் கொடுத்தேன். பொழுதோடு படுத்துவிட்டார். காலையில் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

பக்கத்துத் தெரு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். பார்த்தார். நேற்று அடிபட்டவர் என்று தெரிந்ததும், நான் சர்டிபிகேட் தர முடியாது, போலீசுக்குச் சொல்லி ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. கொழுந்தனார் என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. நல்ல மனுஷன். கெட்டது நினைத்து அவர் எதையும் சொல்லவில்லை.

"மதினி, ஜி.எச்.சுக்குப் போனா அறுத்துருவாக. அண்ணனுக்குத் தலையிலதான அடி. தலையத் தெறந்து பாப்பாக. பொறவு வீட்டுக்குள்ள ஏத்த முடியாது. நீங்க சொல்லுங்க. உங்க இஷ்டந்தான்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அறுத்த உடம்பை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். குளிப்பாட்டவும் மாட்டார்கள். தெருவில் இறக்கி, முகத்தை மட்டும் காட்டி, கொஞ்ச நேரத்தில் தூக்கிவிடுவார்கள். கூட வாழ்ந்தவரை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.

வீட்டிலேயே குளிப்பாட்டினோம். நானும் ஊற்றினேன். தலையைத் திருப்பியபோது காதுக்குப் பின்னால் நீலமாகக் கன்றிக் கிடந்தது. பார்த்தேன். கொழுந்தனாரும் பார்த்தார். நான் அடுத்த செம்பை எடுத்து ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் கண்மாய்க்கரை மயானத்தில் புதைத்தோம். எங்களில் புதைப்பதுதான் வழக்கம். அந்த வேன்காரப் பையனும் வந்திருந்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான். வழி முழுக்க அழுதுகொண்டே வந்தான்.

மகள் அப்போது நர்சிங் முதல் வருஷம். அவருடைய சம்பாத்தியத்தை நம்பித்தான் சேர்த்திருந்தோம். என் கூலி வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். அவளை எப்படிப் படிக்க வைக்கப் போகிறேன் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே யோசனை.

யூனிட்டில் என்னோடு ஒரு அக்கா வேலை பார்த்தாள். ஜீவனாம்சத்துக்காகக் கோர்ட்டுக்குப் போய் வந்தவள். அவள்தான் சொன்னாள்.

"ஏட்டி, வேன் இடிச்சுச் செத்தா நஷ்டஈடு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல சட்ட உதவி மையம்னு இருக்கு. பொம்பளைகளுக்கு வக்கீல் பீசே கெடையாது. நான் என்ன பெரிய பணக்காரின்னா ஜெயிச்சேன்? போயி வாயத் தொறந்து கேளு."

கோர்ட்டு என்றால் வசதிக்காரர்களுக்கும் வம்புக்காரர்களுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காரியம் முடிந்த மறுவாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு வக்கீலம்மா இருந்தார். மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா? இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு? இல்லை. போஸ்ட்மார்ட்டம்? இல்லை. முனிசிபாலிட்டியில் இறப்பைப் பதியும்போது என்ன காரணம் சொன்னீர்கள்? நெஞ்சு வலி என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். வீட்டில் இறந்தால் எல்லாரும் சொல்வது அதைத்தான்.

வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டார்.

"கேஸ் போடுறது பெரிசில்லைம்மா. அந்த வேன் இடிச்சதாலதான் இறந்தாருன்னு எத வச்சுச் சொல்லுவீங்க?"

நான் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். அவன் குடும்பம் அழிந்துவிடக் கூடாது என்றுதான் அவர் போலீசுக்குப் போகவில்லை என்றேன்.

"அவன் மேல கேஸ் வரும்தான். அது வேற. ஆனா வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா நஷ்டஈட்ட அந்தக் கம்பெனிதான குடுக்கும். அவன் வீட்ட வித்தா குடுக்கப் போறான்?"

எனக்கு அது தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரியாமலேயே போய்விட்டார்.

எரித்தீர்களா, புதைத்தீர்களா என்று வக்கீலம்மா கடைசியாகக் கேட்டார். புதைத்தோம் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார். போலீசில் புகார் கொடுத்தால், தாசில்தார் முன்னால் தோண்டி எடுத்து அங்கேயே டாக்டர் சோதித்துப் பார்ப்பார். மண்டை எலும்பில் அடி இருந்தால் இப்போதும் தெரியும். சீக்கிரம் முடிவு செய்யுங்கள், மனு நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தோண்டட்டும்மா. அப்பா எப்படிச் செத்தாருன்னு எழுதட்டும்."



வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மாமியார் அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"எம்பிள்ள ஒருக்கச் செத்தது பத்தாதா? மறுக்கயும் சாகடிக்கப் போறியா நீ?"

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க இஷ்டந்தான் மதினி" என்று மறுபடியும் அதையேதான் சொன்னார்.

நான் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி அனுப்பிய உடம்பு. அதை மண்ணோடு வெளியே எடுப்பதைப் பார்க்க என்னால் முடியாது. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வக்கீலம்மா பல தடவை போன் போட்டார். நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? கார்த்திகையில் நல்ல மழை பெய்து கண்மாய் பெருகியது. தண்ணீர் மயானத்துக்குள்ளும் ஏறிவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மகள் படிப்பை விட்டாள். மில்லில் சேர்ந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வருஷம் எங்கள் யூனிட்டில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுடைய புருஷன் இறந்துபோனான். பைக்கில் வந்தவனை லாரி தட்டிவிட்டது. அவனும் எழுந்து வீட்டுக்கு வந்தவன்தான். வீட்டில்தான் இறந்தான். நான் போனபோது அதே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அறுத்துவிடுவார்கள், முழுசாகத் தர மாட்டார்கள், வீட்டுக்குள் ஏற்ற முடியாது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். "அறுக்கட்டும் தாயி. நான் பட்டவ சொல்றேன். போலீசுக்குச் சொல்லி ஜி.எச்.சுக்கு அனுப்பு" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தன் புருசன மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டி அனுப்புனவ, அடுத்தவ புருசன அறுக்கச் சொல்லுதா."

அவர் சொன்னது உண்மைதான். நான் நகரவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். கடைசியில் சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் மத்தியானம் உடம்பு வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. நாங்கள் மடிக்கிற மாதிரித் துணிதான். தெருவில் பெஞ்சு போட்டு இறக்கினார்கள். வீட்டுக்குள் ஏற்றவில்லை. அவள் கையில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். யாரும் ஊற்ற விடவில்லை.

அவள் கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிந்து நஷ்டஈடு வந்தது. பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் என்னோடு பேசுவதில்லை. யூனிட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தச் செம்பை நானும் பார்த்தேனே.

அடிபட்டால், ரத்தம் இல்லாவிட்டாலும் ஜி.எச்.சுக்குப் போங்கள். எப்படி அடிபட்டது என்று எழுத வையுங்கள். எனக்கு இவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

நான் என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பினேன், அவளுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் விடிந்ததும் மில் பஸ்ஸில் ஏறுகிற மகளிடம் சோற்று வாளியைக் கொடுக்கும்போதெல்லாம், அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியதும் இந்தக் கைதானே என்று நினைத்துக்கொள்கிறேன்.