யார் சொல்லியும் கேட்காதவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசிக் கோயில் சப்பரத்தின் முன்தண்டு என் அண்ணனுடையது. அவர் தோள் கொடுத்தால் சுவாமி ஆடாமல் வரும் என்பார்கள். நான் பி.ஏ. படித்துப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். ஆனாலும் திருவிழாக் கூட்டத்தில் "முன்தண்டுக்காரர் தம்பி" என்று என்னை யாராவது சுட்டிக்காட்டும்போதுதான் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஒரு ஆனி மாதம் அவருடைய வலது தொடையில், சதைக்குள் ஆழமாக, எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"வலிக்கா அண்ணே?"

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சப்பரம் தூக்குனதுல சதை திரண்டிருக்கும்லே."

மதினிதான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீ படிச்சவன், நீ சொல்லு" என்றார். மதினி அடுக்களைக்குப் போன பிறகு நான் சொன்னேன். வலிக்காத கட்டி கெட்ட கட்டி இல்லை, சாரல் விழுந்துவிட்டது, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் கரைந்துவிடும். எந்தப் புத்தகத்திலும் நான் அப்படிப் படித்ததில்லை. சுளுக்கு, வாயு, மூட்டுப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம்.

எண்ணெய் தேய்ப்பவர் இரண்டு கட்டைவிரலாலும் கட்டியை உருட்டி உருட்டி அமுக்கினார். "தொடையா இது, தேக்கு மரம்லா! அருவி பாத்துக்கிடும் அண்ணாச்சி" என்று சிரித்தார். அண்ணன் விழுகிற தண்ணீருக்குத் தொடையைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். சீசன் முடியும்வரை போனோம். கட்டி தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துச் சோதித்தார். சதையில் வரும் புற்று, சார்கோமா என்று பெயர், வேகமாகப் பரவும் ஜாதி என்றார். காலை எடுத்தாக வேண்டும். எடுத்தாலும் நெஞ்சுக்குப் போகலாம். பிறகு கோபமாகக் கேட்டார்: "இதைப் போட்டுப் பிசையச் சொன்னது யார்?"

பக்கத்தில் மதினி நின்றிருந்தார்.

"நாந்தான் டாக்டர்" என்றார் அண்ணன். "யார் சொல்லியும் கேக்கல."

இடுப்போடு காலை எடுத்தார்கள். அடுத்த திருவிழாவில் சப்பரம் எங்கள் வாசலுக்கு வந்தபோது, முன்தண்டை அவருக்காகத் தாழ்த்திப் பிடித்தார்கள். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அவர் தோள் கொடுத்தார். கூட்டத்தில் தண்டு சற்று ஆடியது.

"ஒத்தக் கால்ல நானே நிக்கேன். ரெண்டு கால வச்சுக்கிட்டு நீங்க ஏம்லே ஆடுதீங்க?"

தெருவே சிரித்தது. என் ஆயுளில் அத்தனை பெருமையாக நான் யாரையும் பார்த்ததில்லை.

பிறகு இருமல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது. அடுத்த சாரலுக்கு அவர் இல்லை.

மதினி நெடுங்காலம் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "எங்க வீட்ல அவுக யார் பேச்சையும் கேக்க மாட்டாக. வீம்புன்னா அப்படி ஒரு வீம்பு!" அதைச் சொல்லும்போது அவர் குரலிலும் ஒரு பெருமை இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் குடிப்பேன். முதலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. மதினியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பது தெரியும். அவரும் போய்விட்டார்.

என் அண்ணன் யார் சொல்லியும் கேட்காதவர் அல்ல. நான் சொன்னேன், கேட்டார்.