மணையில் இறக்கிய காவடி

ஆடி பிறந்தால் ஜனக்புரியில் எங்கள் தெருவுக்கு முதலில் வருவது சலங்கைச் சத்தம்தான். ஹரித்வாரில் மொண்ட கங்கை நீரை இரு செம்புகளில் கட்டி, காவடியாகத் தோளில் சுமந்து, காவி பனியனோடு கால்நடையாகத் திரும்பும் கூட்டம் அது. வடக்கே அந்த மாதத்திலும் வரும் சிவராத்திரியன்று அந்த நீரைத் தங்கள் பேட்டைக் கோயில் லிங்கத்துக்கு ஊற்றுவார்கள். அவர்களால் ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிடும் அப்பா, "பஸ்ல போனா ஆறு மணி நேரம். இவனுவ எதுக்கு இப்படி நடந்து சாவுதானுவ?" என்று திருநெல்வேலித் தமிழில் பொருமுவார்.

எனக்குப் பதினோரு வயதான வருஷம், தள்ளுவண்டியில் எங்களுக்குக் காய்கறி விற்கும் கிஷன் பையாவும் நடந்தார். அவருடைய மூன்று வயது மகள் மூளைக்காய்ச்சலில் பத்து நாள் கண் திறக்காமல் கிடந்து பிழைத்திருந்தாள். அந்தப் பத்து நாளில் நேர்ந்துகொண்டது. சிவராத்திரிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போதே ஊர் வந்து சேர்ந்தவர், உத்தம் நகர் வீட்டுக்குப் போகும் வழியில் குளிப்பதற்காக எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததுமே அம்மா வாசலைக் கழுவி, அவசர அவசரமாகக் கோலம் போட்டு, நடுவில் மணைப் பலகையை வைத்தாள்.

"நஹா லியா, பேட்டி?" என்று, நான் குளித்துவிட்டேனா எனக் கேட்டார். தலையாட்டினேன். காவடியை என் தோளுக்கு மாற்றிவிட்டு உள்ளே போனார். அவர்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரிந்த விஷயத்தை எனக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஏட்டி, தோள் வலிக்கா? மணையில வையி. சாமி காரியம், வெறுந்தரையிலதான் வைக்கப்படாது" என்றாள் அம்மா. வைத்தேன்.

தலை துவட்டியபடி வந்தவர் அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காவடியைக் கிளையில் தொங்கவிடலாம், ஆள் மாற்றலாம். கீழே மட்டும் இறக்கக் கூடாது. இறக்கினால் அந்த நீரும் ஆகாது, நடந்த நடையும் ஆகாது. கோலமும் மணையும் அவர்களுக்குத் தரைதான். அம்மா அழுதேவிட்டாள். பூஜை அலமாரியில் இருந்த காசிச் செம்பை எடுத்துவந்து, இதுவும் அதே கங்கைதான், இதை ஊற்றிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று உடைந்த இந்தியில் கெஞ்சினாள்.

"ஜல் தோ மில் ஜாயேகா, அம்மாஜி. சலேகா கோன்?" என்றார். தண்ணீர் கிடைத்துவிடும், நடப்பது யார்?

செம்புகளில் இருந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு அன்று மத்தியானமே ஹரித்வாருக்கு பஸ் ஏறினார். கூடப்போய் ஏற்றிவிட்டு வந்தது அப்பாதான்.

சிவராத்திரிக்குள் அவர் நடந்து வந்து சேரவேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் திரும்பினால் நான்தான் காரணம் என்று பயந்தேன். அதை யாரிடமும் சொல்லவும் பயம்.

சிவராத்திரியன்று காலை வாசலில் வந்து நின்றார். வீங்கின கால்களில் துணி சுற்றியிருந்தார். அம்மா அன்று கோலமே போடவில்லை. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நஹா லியா, பேட்டி?"

வெளியே வந்தேன். காவடியை என் தோளில் வைத்தார். குளிக்கப் போனார். தோள் இற்றுவிடும் போலிருந்தது. நான் அசையவில்லை.

அந்த வீடு இப்போது நாலு மாடிக் கட்டடம். கிஷன் பையா குடும்பம் எங்கே போயிற்றோ, மகள் எப்படி இருக்கிறாளோ, கேட்க ஆளில்லை. தனியாக நடந்து வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். குருகிராம் ஆபீஸுக்குப் போகும் வழியில், ஸ்பீக்கர் கட்டிய காவடி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எல்லோரையும் போல நானும் திட்டத்தான் செய்கிறேன். திட்டி முடிப்பதற்குள் வெட்கமாகிவிடுகிறது. என் தப்பால் அத்தனை தூரத்தையும் மறுபடி நடந்த மனிதர், அன்று வேறு யார் தோளையும் தேடவில்லை.