மைலேஜா, இழுவையா

பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்த நாளிலிருந்து நான் கேட்ட ஒரே கேள்வி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதுதான். என் கணவர் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு இழுக்கும் என்பது. பிள்ளைகள் படிப்புக்கு, அவர் தங்கை கல்யாணத்துக்கு, வீட்டுக்கு அடிக்கிற பெயின்டுக்கு என்று நாங்கள் போடாத சண்டை இல்லை. எஞ்சினுக்காகச் சண்டை போட்டது அப்போதுதான்.

மந்தாரக்குப்பத்தில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. பிரியாணி தேக்சா, அடுப்பு, சாமியானா, பந்தி மேஜை, நாற்காலி என்று ஒரு விசேஷத்துக்கு வேண்டியதெல்லாம் எங்களிடம் கிடைக்கும், சாப்பிடுகிற ஆட்களைத் தவிர. சைவக்காரர்களுக்கென்று பச்சை பெயின்டில் வளையம் போட்ட பாத்திரங்கள் தனியாக இருக்கின்றன. அதில் இதுவரை ஒரு கோழிக்கால்கூட வெந்தது கிடையாது. அந்த அலமாரிச் சாவியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர்க் குடும்பங்கள் எங்களை நம்பி ஆர்டர் கொடுப்பதற்கு அந்தப் பச்சை வளையம்தான் காரணம்.

எங்களுக்கு வருகிற வேலை இரண்டு தினுசு. ஒன்று டவுன்ஷிப் வேலை. மைன்ஸில் ரிட்டயர் ஆகிறவர்கள் எல்லோரும் மாதக் கடைசி நாளில்தான் ரிட்டயர் ஆவார்கள். மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள், குவார்ட்டர்ஸ் வாசலில் சாமியானா, உள்ளே விருந்து. ஒரே நாளில் நாலு பிளாக்கில் விருந்து என்றால் நாலு இடத்துக்கும் நாங்கள்தான் ஓட வேண்டும். எங்களுக்கு மாதக் கடைசி என்பது பெருநாள் மாதிரி. தூரம் குறைவு, ரோடு வழவழவென்று இருக்கும். இன்னொன்று வெளியூர் வேலை. முகூர்த்த நாட்களில் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆர்டர் வரும். இரும்புக் குழாய், மேஜை, அண்டா என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய், கடைசியில் வெள்ளாற்றங்கரை மேட்டில் ஏற வேண்டும். டவுன்ஷிப் வேலைக்கு மைலேஜ் போதும். அந்த மேட்டுக்கு இழுவை வேண்டும். எங்கள் சண்டை முழுக்க இதற்குள் அடக்கம்.

முன்பு வைத்திருந்த குட்டி வண்டி அந்த மேட்டில்தான் எங்கள் மானத்தை வாங்கியது. அவர் ஓட்டிக்கொண்டு போனார். பாதி ஏற்றத்தில் வண்டி திணறி நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளினார்கள். அண்டா வராமல் அரிசி ஊறிக்கொண்டே கிடந்ததால் சமையல்காரர் எங்களைப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை எழுத முடியாது. அந்த வண்டியை நாங்கள் எப்படி வாங்கினோம் தெரியுமா? இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பைச் செய்துதான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இங்கே அதை டவுன்ஷிப்புக்குள் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பார்கள். மேடு இல்லை, பள்ளம் இல்லை, இரண்டு பக்கமும் மரநிழல். அந்த ரோட்டில் ஓட்டினால் எந்த ஓட்டை வண்டியும் மாப்பிள்ளை ஊர்வலம் போகிற கார் மாதிரிதான் போகும். பார்த்துவிட்டு, ஆகா என்று காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

ஆனால் எனக்கு அந்த வண்டி மேல் கோபமில்லை. நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன்ஷிப் ரோடு காலியாக இருக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். லைசென்ஸும் எடுத்தேன். அதற்குள் அவருடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதிக்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியூர் ஆர்டரை விட வேண்டும், இல்லை டிரைவர் போட வேண்டும், இல்லை நான் ஓட்ட வேண்டும். அவர் டிரைவர் என்றார். நான் வாயைத் திறந்து, நான் ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை. மைலேஜ், மைலேஜ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். டீசல் செலவு எனக்கு வயிற்றெரிச்சல்தான், அதில் பொய் இல்லை. ஆனால் நான் குள்ளம். சின்ன வண்டி என்றால்தான் என் கால் எட்டும், என் கைக்கு அடங்கும் என்று நினைத்தேன். பெரிய வண்டி வந்தால் ஸ்டியரிங் பக்கம் எனக்கு இடமில்லை. அதுதான் என் மனதில் இருந்தது, அது அவருக்கும் தெரியும்.

திருவதிகையில் பழைய வண்டி வாங்கி விற்கிற ஒருவர் இருக்கிறார். தன் மகள் கல்யாணத்துக்கு எங்களிடம்தான் பாத்திரம் எடுத்தார். அவரிடம் இரண்டு வண்டி இருந்தன. ஒன்று சின்னது, மைலேஜில் ராஜா. இன்னொன்று நீள மூக்குப் பிக்கப், எதைக் கட்டினாலும் இழுக்கும், ஆனால் குடிக்கும். இந்த முறை டவுன்ஷிப் ரோட்டில் பார்க்கிற கதை வேண்டாம், சரக்கோடு ஆற்றங்கரை மேட்டில் ஏற்றிப் பார்த்துத்தான் வாங்குவோம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை மலையேறச் சொன்ன மாதிரி அவர் எங்களைப் பார்த்தார். டீசல் உங்களுடையது என்ற ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

முதலில் சின்ன வண்டி. ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் முழுச் சரக்கோடு கிளம்பினோம். வழியெல்லாம் டீசல் முள் அசையவே இல்லை. என் முகத்தில் ஒரே சிரிப்பு. மேட்டின் அடிவாரத்தில் என் கணவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, என்னை ஏற்றச் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

கிளட்சை விட்டேன், எஞ்சின் அணைந்தது. திரும்ப எடுத்தேன், திரும்ப அணைந்தது. அதற்கடுத்த முறை வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டு, பின்பக்கம் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. மேலே கல்யாண வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "பாய், நீங்க ஏறுங்க. அவங்கள எறக்கி வுடுங்க" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு அப்படியே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நான் இறங்கினேன். அவர் அந்த முழங்காலோடு ஏறி, எஞ்சினை அலறவிட்டு, கிளட்ச் தீய்ந்த வாசனை வர மேலே ஏற்றினார். திரும்பி வரும்போது, "வண்டில இழுவ இல்ல" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மந்தாரக்குப்பத்தில் வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னேன்: "வண்டிய குத்தம் சொல்லாதீங்க. எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். மறுநாள் ஒரு டிரைவரிடம் பேசியிருப்பதாகவும் ஒன்றாம் தேதியிலிருந்து அவன் வருவதாகவும் சொன்னார். சரி என்றேன். அன்று பாத்திரங்களைத் தேய்த்த தேய்ப்பில், ஏதோ விசேஷ வீட்டிலிருந்து எங்கள் பாத்திரங்களோடு கலந்து வந்திருந்த ஒரு கரண்டியின் பெயரெழுத்தே அழிந்துவிட்டது. யார் வீட்டுக் கரண்டி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

பெரிய வண்டி மாதக் கடைசியில் வந்தது. அன்று மூன்று விருந்து. காலையிலேயே பிளாக் பிளாக்காகப் போய் இறக்கினோம். ஒவ்வொரு வாசலிலும் ரிட்டயர் ஆகிறவரின் வீட்டார் இவரைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள், இவரும் எஞ்சினை அணைக்காமல் நின்று பேசுவார். நான் உள்ளே உட்கார்ந்து டீசல் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அது ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்களைப் போலக் கீழே போய்க்கொண்டிருந்தது. இந்த வண்டி நம் வீட்டைச் சாப்பிட்டுவிடும் என்றேன். வாங்கினால் தானே என்றார்.

மதியத்துக்கு மேல் சேத்தியாத்தோப்பு ஆர்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அதே மேடு. அவர் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்தார். மாட்டேன் என்று தலையாட்டினேன். நாளைக்கு டிரைவர் வந்துவிடுவான், எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். அவர் சாமியானாத் துணி ஒன்றை எடுத்து நாலாக மடித்து டிரைவர் சீட்டில் போட்டார். கீழே இறங்கி நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க ஆரம்பித்த பிறகு வேறு வழியில்லாமல் நான் ஏறி உட்கார்ந்தேன். துணியின் உயரத்தில் ரோடு தெரிந்தது. சீட்டை முன்னால் இழுத்தால் காலும் எட்டியது.

முதல் கியர் போட்டேன். பதற்றத்தில் போன தடவை போலவே கிளட்சை வெடுக்கென்று விட்டுவிட்டேன். விட்ட கணமே தெரிந்துவிட்டது, போச்சு என்று. வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. ஆனால் எஞ்சின் அணையவில்லை. உறுமிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல், அத்தனை இரும்பையும் தூக்கிக்கொண்டு மேலே போக ஆரம்பித்தது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேனா என்றுகூட ஞாபகமில்லை. மேலே போய் நிறுத்தினேன். நம்பிக்கை வராமல், திருப்பிக் கீழே கொண்டுவந்து இன்னொரு முறை ஏற்றினேன். அப்போதும் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர் நொண்டிக்கொண்டே மேட்டில் ஏறி வந்து சன்னலில் கை வைத்தார்.

"அன்னிக்கு நான் ஆறுதலுக்குச் சொல்லல. கிளட்ச நீ சீக்கிரமா வுட்டுடற, அது நெசம். சின்ன எஞ்சினு அத தாங்கல, நின்னு பூடுச்சி. இது பொறுத்துக்கினுச்சு. ஓட்டிகினே இருந்தா உனக்கும் கை வந்துடும்."

இத்தனை வருடமாக இழுவை என்பது பாரம் தூக்குகிறவர்களின் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கற்றுக்குட்டியின் தப்பைத் தாங்குகிற பொறுமையும் அதுதான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மைலேஜுக்காக நான் பிடித்த பிடிவாதம் என்னையே ஸ்டியரிங்கிலிருந்து இறக்கியிருக்கும். நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

"இதையே வாங்கிடலாம்" என்றேன்.

"டீசலு?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அன்று மாலையே டிரைவருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டீசலை நான் பார்த்துக்கொண்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று பேசுவதென்றால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேச வேண்டும். சும்மா உறுமவிடக் கூடாது. சிக்னல் தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் சட்டமாகப் போட்டேன். பாத்திரக் கடையா, கோர்ட்டா என்று கேட்டார். டேங்கை முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில், என் கையில் அது திருவதிகைக்காரர் சொன்னதைவிட நன்றாகவே கொடுக்கிறது. எவ்வளவு என்று எழுத மாட்டேன், கண் பட்டுவிடும். அவர் கையில் அவ்வளவு கொடுப்பதில்லை. இதை அவர் மெக்கானிக் முன்னால் வைத்து ஒப்புக்கொண்டதை நான் வேண்டிய அளவு ரசித்துவிட்டேன்.

வெளியூர் வேலை இப்போது என்னுடையது. அவர் இடது பக்கம் உட்கார்ந்து வருவார். பிறர் ஓட்டுகிற வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, காலால் தரையை மிதித்து பிரேக் போட்டுக்கொண்டே வருகிற ஆள். என் பக்கத்திலும் மாதக்கணக்காக அப்படித்தான் வந்தார். லாரி ஒன்று எதிரே வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையில் அழுந்தும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

போன வாரம் சேத்தியாத்தோப்பில் ஒரு காதுகுத்து. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு மதியம் திரும்பினோம். அவர் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார், பிறகு சத்தமில்லை. என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தேன். கதவில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தார். இரண்டு காலும் முன்னால் நீட்டிக் கிடந்தன, எதையும் மிதிக்காமல். எதிரே ஒரு லாரி வந்து போனது. அவருக்குத் தெரியாது.

முன்னால் வேகத்தடை வந்தது. வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, கிளட்சை மெல்ல மெல்ல விட்டேன். பின்னால் ஒரு பாத்திரம்கூட அசையவில்லை. அவர் தூங்கிக்கொண்டே வந்தார்.