போனஸ் தாளுக்கு அடியில்

போர்நிறுத்தம் கேட்டு நடந்த ஆர்ப்பாட்டத்தில் அரைமணி நேரம் போனஸ் கேட்டு நின்றவன் நான். சிதம்பரம் காந்தி சிலை அருகே, நல்ல வெயிலில். எங்கள் சங்கத்தில் புது அட்டை வாங்கும் பழக்கம் கிடையாது. பழைய முழக்க அட்டையின் மேலேயே புதுத் தாளை ஒட்டிக்கொள்வோம். அன்றைக்கு ஒட்டும் வேலை எனக்கு. மைதாப் பசை காய்ச்சப் பொறுமையில்லாமல் மாவைத் தண்ணீரில் கரைத்துத் தடவிவிட்டேன். 'பொதுமக்களைக் கொல்லாதே' என்ற தாள் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. என் தலைக்கு மேல் 'போனஸை உடனே வழங்கு'. கீழே நான் நரம்பு புடைக்க, 'போரை நிறுத்து' என்று கத்திக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் பக்கத்தில் வந்து, "சார், எதாவது ஒண்ணு கேளுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் போனஸ் தாளையும் நனைத்து உரித்தேன். அடியில், அட்டையிலேயே பெயிண்டால் எழுதிய அக்காவின் எழுத்து. 'குழந்தைகள் மேல் குண்டு போடாதே. போரை நிறுத்து.' அந்த ழகரத்தின் வால் அடுத்த வரிவரை இறங்கியிருந்தது. அப்படி எழுத அவர் ஒருவர்தான்.

அக்கா, கூடப் பிறந்தவரல்ல, எங்கள் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். முதுநகரிலிருந்து காலை ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வருவோம். உலகத்தில் எங்கே ஊருக்குள் குண்டு விழுந்தாலும் மதிய இடைவேளையில் அலுவலக வாசலில் கண்டனக் கூட்டம் வைத்துவிடுவார். "அட்டையில எந்த நாடுன்னே போடலியேக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "பேரு போட்டா அடுத்த சண்டைக்கு ஒதவாதுடா" என்றார். எந்தப் பக்கத்துக் குழந்தை என்று அவர் பார்த்ததே இல்லை. ரொட்டிக்கு வரிசையில் நிற்பவனையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவளையும் கொல்ல எந்தக் கொடிக்கும் உரிமை இல்லை என்பார். எனக்கும் அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

நான் கிண்டல் செய்வேன். "நம்ம கோஷம் கீழவீதியத் தாண்டாதுக்கா. அங்க பிளேன் ஓட்டறவனுக்குக் கேக்குமா?"

டிபன் பாக்ஸை மூடிவிட்டு அவர் சொன்னார்: "கடல் வந்து புள்ளைங்கள வாரிகிட்டுப் போச்சே, அப்ப பெரியாஸ்பத்திரியில வரிசையா படுக்க வச்சிருந்தாங்கடா. பாத்தேன். கடலுகிட்ட நிறுத்துன்னு சொல்ல முடியல. குண்டு போடறவன் மனுசன்தான? அவங்கிட்ட சொல்லலாம்ல?"

அதைக் கேட்டும் நான் திருந்தவில்லை. பிறகு ஒரு மழை நாளில் மற்றவர்கள் எல்லாம் நழுவிவிட, நானும் அவரும் மட்டும் நிற்பதாக ஏற்பாடு. "அஞ்சு நிமிசத்துல வந்துடறேங்க்கா" என்று போனவன், எதிர் ஓட்டலில் இரண்டு சாம்பார் வடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியே அவர் தெரிந்தார். முந்தானை தலையில், இருந்த ஒரே பிளாஸ்டிக் பை அட்டைக்கு. பக்கத்தில் எனக்கென்று ஓர் ஆள் இடம் விட்டே நின்றார். நான் இன்னொரு காபி சொன்னேன். மாலை ரயிலில் அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியை என்னிடம் நீட்டினார்.

ஓய்வு பெற்ற மறுவருஷமே அவர் போய்விட்டார். இப்போது எந்தக் கண்டனக் கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போகிறேன். இடப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு நிற்கிறேன். அங்கே வேறு யாராவது வந்து நின்றால் எரிச்சலாக இருக்கிறது.

தாளை உரித்த மறுநாள் அட்டையைத் துடைத்து, முதுநகரில் அக்காவின் கணவரிடம் எடுத்துப்போனேன். அவரை அக்கா என்று அழைத்ததால் இவர் எனக்கு மாமா. மழையையும் வடையையும் ஒப்புக்கொண்டுவிட்டு, "இத நீங்க வச்சிக்கங்க மாமா" என்றேன். அந்த ழகரத்தின் வாலை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு அட்டையை என் கையிலேயே திணித்தார்.

"எனக்கு எதுக்கு மச்சான்? அவ போய்ட்டா. அங்க புள்ளைங்க இன்னும் செத்துகிட்டிருக்குதுங்க. தூக்கிகிட்டுப் போய் நில்லு. இதுக்குப் பசைகூட வேணாம்."