திரும்பிப் பார்க்காத நாய்

நான் வளர்த்த நாயைத் தெருநாய் என்று பொய் சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர் நாய்கள் காப்பகத்தில் விட்டேன். ராஜபாளையத்தில் ஆசையாக வாங்கிய வெள்ளைக் குட்டி அது. ஒரு வயதில் என்னைத் தரதரவென்று இழுத்தது; முழங்கால் தாங்கவில்லை. வீட்டு நாயைக் காப்பகத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; அதனால்தான் பொய்.

காப்பகத்து அம்மா குள்ளமானவர். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. நான் பேசும்போதே நாய் என் சட்டைப்பையில் மூக்கை நுழைத்தது.

“தெருநாய்க்கு ஒங்க பைக்குள்ள பிஸ்கட் இருக்கது எப்படித் தெரியும், அண்ணாச்சி?” என்று சிரித்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

நாய் கேட்டு வருபவர்களிடம் அவர் அதிகம் விசாரிப்பதில்லை. கயிற்றைக் கையில் கொடுத்து, “மடவார் வளாகம் கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க” என்பார். திரும்பி வரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார்.

எனக்கு உறுத்தல் தாங்கவில்லை. மறுவாரமே போய் உண்மையைச் சொன்னேன். நல்ல வீடு தேடித் தருவதாகவும் சொன்னேன். முதலில் பங்களா வைத்திருக்கும் நண்பரை அழைத்துப்போனேன். அவர் அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, “பூனை இருக்காம்மா?” என்று கேட்டார்.

பிறகு மம்சாபுரத்துப் பெண் ஒருத்தியை அழைத்துப்போனேன். போலீஸ் வேலைக்காகத் தினமும் ஓடிப் பழகுகிறவள். அவளும் நாயும் ஓடியே போய், ஓடியே வந்தார்கள்.

“இன்னொரு தடவ போயிட்டு வரட்டா?” என்றாள்.

“வீட்டுக்கே கூட்டிட்டுப் போ தாயி!” என்றார் அந்த அம்மா.

சில மாதம் கழித்து மம்சாபுரம் சாலையில் இருவரும் என்னைக் கடந்து ஓடினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நாய் நிற்கவில்லை. காப்பகத்தில் போய்ச் சொன்னேன்.

“திரும்பிக்கூடப் பாக்கலையா?”

“இல்லம்மா.”

“அப்போ நல்ல வீடுதான், அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நாய்த் தட்டுகளைக் கழுவப் போய்விட்டார்.

அது ஆறுதலா, குத்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.